அந்தக் காக்கைக்கு உங்களைத் தெரியும்

போன இதழில் ஒரு வாசகர், "காக்கை ஏன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறது?" என்று கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் என் மேசையை நிறைத்துவிட்டன. பாதியில் பயம், பாதியில் பாசம். சில கடிதங்களில் இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. நான் முப்பத்தொரு வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவள். தவளையைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் குறிப்பெடுப்பார்கள். காக்கையைப் பற்றிப் பேசினால் குறிப்பேட்டை மூடிவிட்டு அவரவர் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் காக்கைக்குத்தான்.

அம்மா, வேலைக்குப் போகும் வழியில் ஒரு காக்கை என் தலையில் அடித்துவிட்டுப் போனது. மூன்று நாளில் இரண்டு முறை. அதே வழியில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள், அவர்களை அது தொடவில்லை. வீட்டில் எனக்குக் கண்டம் என்கிறார்கள். வெளியே போகவே மனம் வரவில்லை.
*– ஓர் இளைஞர்*

தம்பி, உங்கள் உயிருக்கு ஒன்றும் இல்லை. தைரியமாக இருங்கள். பயத்தில் இருப்பது அந்தக் காக்கைதான்.

நீங்கள் நடக்கும் வழியில் தலைக்கு மேலே ஒரு கூடு இருக்கும். இல்லையென்றால் சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று பக்கத்துக் கிளையிலோ சுவரிலோ உட்கார்ந்திருக்கும். காக்கை முட்டை பொரிய 16, 17 நாள் ஆகும். குஞ்சு கூட்டை விட்டு வெளியே வர மேலும் மூன்று, நான்கு வாரம். குஞ்சு வெளியே வந்த முதல் சில நாட்களில்தான் தாய்க்கும் தகப்பனுக்கும் பதற்றம் அதிகம். அப்போது வழியில் போகிறவரைப் பின்னாலிருந்து வந்து தாக்கும். நம் உடம்பில் அதற்கு முதலில் எட்டுவது தலை. தலையில் படுவதற்கு வேறு அர்த்தம் எதுவும் கிடையாது.

சரி, உங்களை மட்டும் ஏன்? உங்களைப் பயமுறுத்துவது இந்தக் கேள்விதான். ஒருநாள் நின்று கூட்டை அண்ணாந்து பார்த்தீர்களா? கீழே இருந்த குஞ்சின் பக்கம் போனீர்களா? கையை ஓங்கினீர்களா? அப்படிச் செய்திருந்தால் உங்கள் முகம் அதற்கு மனப்பாடம். 2006-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃபும் அவருடைய குழுவினரும் ஆதிமனிதன் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். பிறகு அந்த முகமூடியை யார் மாட்டிக்கொண்டு நடந்தாலும் காக்கைகள் திரண்டு வந்து கத்தின. வேறொரு முகமூடியோடு நடந்தால் பேசாமல் இருந்தன. பிடிபடாத காக்கைகளும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கத்தின. வருடக்கணக்கில் அது நீடித்தது. அந்தக் காக்கைகள் வேறு இனம். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள சாம்பல் கழுத்துக் காக்கையோடு பழகிய யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

என் கதை ஒன்றையும் சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியிலிருந்து வரும்போது தலையில் ஒரு காக்கை தட்டிவிட்டுப் போனது. வீட்டில் சொன்னேன். அன்று மாலையே பெரியவர்கள் கூடிப் பேசி, நான் இறந்துவிட்டதாக என் அத்தைக்குச் செய்தி அனுப்பிவிட்டார்கள். பொய்ச் சாவுக்கு ஒருவர் அழுதுவிட்டால் உண்மைச் சாவு விலகிவிடும் என்பது நம்பிக்கை. மறுநாள் விடியற்காலையில் அத்தை வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அழுது அழுது குரலே போயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு நாள் முழுவதும் என் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. என் மேல் கொண்ட அன்பினால்தான் அந்தப் பொய்யைச் சொன்னார்கள். ஆனால் அந்த ஓர் இரவு அத்தை பட்டபாடு எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. கல்லூரியில் சேர்ந்து பறவைகளைப் பற்றிப் படித்தபோதுதான், அந்தப் பாதையின் மேல் சாய்ந்திருந்த மரமும் அதன் உச்சியில் இருந்த குச்சிக் கூடும் நினைவுக்கு வந்தன.

மூன்று வாரத்துக்கு வேறு வழியில் போங்கள். அந்த வழியைத் தவிர்க்க முடியாதென்றால் குடை பிடித்துக்கொள்ளுங்கள். கல் மட்டும் எறியாதீர்கள், அடுத்த வருடமும் நினைவு வைத்திருக்கும். நகமோ அலகோ கீறியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். யாருக்கும் பொய்ச் செய்தி அனுப்ப விடாதீர்கள்.

காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்பது உண்மையா? எங்கள் வீட்டில் பல முறை பலித்திருக்கிறது.
*– ஒரு குடும்பத் தலைவி*

தமிழில் இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். குறுந்தொகையின் 210-ஆம் பாட்டில் இருக்கிறது. பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்து, தலைவியைத் தேற்றிக் காத்ததற்காகத் தோழிக்கு நன்றி சொல்கிறான். அவள் நன்றியை ஏற்கவில்லை, காக்கையின் பக்கம் தள்ளிவிடுகிறாள். நள்ளி என்ற வள்ளலின் காட்டு ஆயர்களுடைய பசுக்கள் தந்த நெய்யோடு, தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் சிறிதுதான், "விருந்துவரக் கரைந்த காக்கையது பலியே" என்கிறாள். அந்தப் பாட்டால்தான் அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்தது. ஒரு பறவையைப் பாடியதற்காகவே பெயர் பெறுவது எவ்வளவு பெரிய பேறு! எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது நம்பிக்கை அல்ல. அவன் வரும்வரை ஒவ்வொரு நாளும் அந்தக் கரைதலைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாளே ஒருத்தி, அதுதான்.

இனி உங்கள் கேள்வி. காக்கை தினமும் கரைகிறது. விருந்து வராத நாட்களில் யாரும் அதை எண்ணி வைப்பதில்லை. வந்த நாள் மட்டும் மனதில் நிற்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் முன்னோர்கள் இதற்குத்தான் சொல்லி வைத்தார்கள். காக்கையைப் பற்றிய மூடநம்பிக்கைக்கு மருந்தாக ஒரு காக்கையையே பழமொழியில் உட்கார வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆனால் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் வீட்டுக் காக்கை உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் தினமும் நடக்கிறவர்களை அதற்குத் தெரியும். புதிய முகம் ஒன்று திரும்பினால் நமக்கு முன்னால் அது பார்த்துவிடும், குரல் கொடுக்கும். நீங்கள் கதவைத் திறந்தால் அண்ணன் நிற்பார்.

என் மகள் படிக்கும் ஆங்கிலக் கதைகளில் ரேவன் என்று ஒரு பறவை வருகிறது. அகராதியில் அண்டங்காக்கை என்று போட்டிருக்கிறது. நாம் பார்க்கும் அண்டங்காக்கைதானா அது? அது வந்தால் சாவு வரும் என்று கதையில் பயமுறுத்துகிறார்கள்.
*– ஒரு தந்தை*

இரண்டும் வேறு. நாம் அண்டங்காக்கை என்று சொல்வது தடித்த அலகுள்ள, உடம்பு முழுவதும் கருத்த காக்கை. ரேவன் அதைவிடப் பெரியது. ஒரு கிலோவுக்கு மேல் எடை இருக்கும், சிறகை விரித்தால் ஏறக்குறைய நான்கு அடி இருக்கும். பறக்கும்போது வாலைப் பாருங்கள். காக்கையின் வால் விசிறி மாதிரி விரியும், ரேவனுடைய வால் நடுவில் நீண்டு ஆப்பு மாதிரி கூர்ந்திருக்கும். குரலும் கா கா இல்லை, தொண்டைக்குள் உருளும் ஒரு கரகரப்பு. இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் இமயமலைக்கோ ராஜஸ்தான் பாலைவனத்துக்கோ போக வேண்டும்.

சாவுப் பறவை என்ற பெயர் அதற்கு ஏன் வந்தது? செத்ததைத் தின்னும் பறவை அது. ஓநாய்க் கூட்டத்தின் பின்னால் போகும், போர்க்களத்துக்கும் வரும். படை நகர்ந்தால் தீனி கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட பறவை, மனிதன் சாவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். பார்த்தவர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

எல்லோரும் அப்படிப் பயப்படவில்லை என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். வட ஐரோப்பியப் பழங்கதைகளில் ஓடின் என்ற கடவுளின் தோளில் இரண்டு ரேவன்கள் உட்கார்ந்திருக்கும். ஒன்றின் பெயருக்கு எண்ணம் என்றும் மற்றதன் பெயருக்கு நினைவு என்றும் பொருள். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் ஹைடா, டிலிங்கிட் மக்களின் கதையில், பெட்டிக்குள் பூட்டியிருந்த வெளிச்சத்தைத் திருடி உலகத்துக்குக் கொடுத்ததே ரேவன்தான். பைபிளில் எலியா தீர்க்கதரிசி ஒளிந்திருந்தபோது அவருக்கு உணவு கொண்டுவந்து கொடுத்ததும் அதுவே.

லண்டன் கோட்டையில் குறைந்தது ஆறு ரேவன்கள் எப்போதும் இருக்க வேண்டும், அவை போய்விட்டால் கோட்டையும் ராஜ்ஜியமும் விழும் என்ற நம்பிக்கை உலகப் புகழ் பெற்றது. இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்து ஆணை என்பார்கள். ஆனால் அந்தக் கோட்டையில் ரேவன்கள் இருந்ததற்குக் கிடைத்த மிகப் பழைய தடயமே 1883-ஆம் ஆண்டுதான். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த காலத்தில் அவை ஏறக்குறைய இல்லாமலே போயின, ராஜ்ஜியம் விழவில்லை. இன்றைக்கு அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு காவலர் இருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. 2021 ஜனவரியில் மெர்லினா என்ற ரேவன் காணாமல் போனபோது ராஜ்ஜியம் என்ன ஆகும் என்று சிலர் கேட்டார்கள், மெர்லினாவுக்கு என்ன ஆயிற்று என்று பலர் கேட்டார்கள். எனக்கு அந்த இரண்டாவது கேள்வி பிடித்திருந்தது.

இரவில் காக்கை கத்தினால் கெட்டது நடக்குமா?
*– ஒரு வாசகி*

அந்த மரத்தில் பூனை ஏறியிருக்கும், அல்லது ஆந்தை வந்திருக்கும். பகலில் காக்கை ஆந்தையை விரட்டும், இரவில் ஆந்தை காக்கையைப் பிடிக்கும். "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று வள்ளுவர் பாதியைச் சொன்னார், மீதிப் பாதியைத்தான் நீங்கள் இரவில் கேட்கிறீர்கள். நடக்கிற கெட்டது அந்தக் காக்கைக்குத்தான். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

காக்கைக்கு ஒரே ஒரு கண்மணிதான், அது இரண்டு பக்கமும் உருளும் என்கிறார்களே?
*– கல்லூரி மாணவர்*

இரண்டு கண், இரண்டு கண்மணி. இராமனின் புல் அம்பு காகாசுரனின் ஒரு கண்ணை எடுத்த கதையிலிருந்து வந்த நம்பிக்கை இது. கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால், ஒன்றை உற்றுப் பார்க்க அது தலையைத் திருப்பி ஒரு கண்ணால் பார்க்கிறது. அந்த அசைவைக் கவனித்தவர்கள் கதை கட்டியிருக்கிறார்கள். கவனித்தார்களே, அது பெரிய விஷயம்.

அம்மா, என் அப்பா இறந்து பதினோரு மாதம் ஆகிறது. கடைசி ஐந்து மாதம் படுக்கையில் இருந்தார். ஜன்னல் ஓரம்தான் கட்டில். அவர் போன மறுநாள் காலையில் ஒரு காக்கை அந்த ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து உள்ளே பார்த்தது. அன்றிலிருந்து தினமும் வருகிறது. நான் அதோடு பேசுகிறேன். என் கணவரும் பிள்ளைகளும் எனக்கு மனநிலை சரியில்லை என்று கவலைப்படுகிறார்கள். அது என் அப்பாதானா? உங்களிடமிருந்து உண்மையான பதில் வேண்டும்.
*– பெயர் வேண்டாம்*

மகளே, உங்கள் கடிதத்தை நான்கு நாள் கையில் வைத்திருந்தேன்.

அது உங்கள் அப்பா இல்லை. உண்மையான பதில் கேட்டீர்கள், அதை மழுப்பினால் உங்களுக்கு நான் மரியாதை செய்யவில்லை என்று ஆகும். ஆனால் நான் சொல்ல வேண்டியது இதோடு முடியவில்லை. மீதியையும் படியுங்கள்.

அவர் போன மறுநாள் வந்தது என்கிறீர்கள். ஒன்று யோசித்துப் பாருங்கள். அதற்கு முன்பு அது வந்ததா என்று யாராவது கவனித்தீர்களா? ஐந்து மாதம் நீங்கள் எல்லோரும் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். படுத்தபடி நாள் முழுவதும் வெளியே பார்க்கும் ஒரு மனிதரும், உள்ளே எட்டிப் பார்க்கும் ஒரு காக்கையும் ஐந்து மாதம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அவருக்குக் கொடுத்ததில் ஒரு துண்டை அவர் ஜன்னல் பக்கம் வைத்திருக்கலாம். சும்மா பேசியிருக்கலாம். மேலே ஒரு தம்பிக்கு எழுதினேனே, காக்கை மனித முகத்தை வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கும் என்று. பயமுறுத்தியவரின் முகத்தை மட்டுமல்ல, பழகியவரின் முகத்தையும் அது நினைவு வைக்கும்.

அதனால் எனக்கு இப்படித் தோன்றுகிறது. அந்தக் காக்கை உள்ளே எட்டிப் பார்த்தது அவரைத் தேடித்தான். அது உங்கள் அப்பா இல்லை, உங்கள் அப்பாவைத் தெரிந்த ஒருவர். உங்கள் குடும்பத்துக்கு வெளியே, அவருடைய கடைசி மாதங்களின் முகத்தை அறிந்த கண்கள் அந்தத் தலையில் இருக்கின்றன. அதோடு நீங்கள் பேசுவதில் என்ன தவறு? துக்கம் கேட்க வந்தவரோடு பேசத்தானே செய்வோம்? இப்போது உங்கள் முகமும் அதற்குப் பழகிவிட்டது. அதனால் அவர் இல்லாத ஜன்னலுக்கும் அது வருகிறது.

நம் ஊர்களில் மட்டும் இறந்தவர்களைக் காக்கையில் காண்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஹவாய்த் தீவுகளில் அலாலா என்று ஒரு காக்கை உண்டு. அங்குள்ள பூர்வகுடிகளில் சில குடும்பங்களுக்கு அது முன்னோரின் காவல் ஆவி. காடு அழிந்தும், நோய் பரவியும், வெளியிலிருந்து வந்த எலியும் பூனையும் வேட்டையாடியும் அந்தப் பறவை குறைந்துகொண்டே போனது. 2002-வாக்கில் காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, கூண்டில் வளர்த்தவைதான் மிச்சம். 2024 நவம்பரில் மாவுய் தீவின் காட்டில் ஐந்து பறவைகளைத் திறந்துவிட்டார்கள். முன்னோர் வந்து உட்காரும் பறவையே இல்லாமல் போவது எப்படியிருக்கும் என்று அந்த மக்களிடம் கேட்டால் தெரியும். உங்கள் ஜன்னலுக்கு ஒன்று தினமும் வருகிறது.

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தூக்கம் இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல், வேறு எதிலும் மனம் செல்லாமல் இருந்தால் மட்டும் ஒரு மருத்துவரைப் பாருங்கள். காக்கையோடு பேசுவதற்காகப் பார்க்க வேண்டாம்.

கீழே விழுந்த காக்கைக் குஞ்சை எடுத்தேன். மனிதர் கை பட்டால் கூட்டம் அதைக் கொத்திக் கொன்றுவிடும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார். என்ன செய்வது?
*– பத்தாம் வகுப்பு மாணவி*

பாட்டி சொல்வதை எல்லோரும் நம்புகிறோம், ஆனால் அது சரியில்லை கண்ணம்மா. கை பட்டதற்காகப் பெற்றவை குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைத்து, கண் திறந்து, காலால் பிடித்து நிற்கிறதா? அப்படியென்றால் அது விழவில்லை, பறக்கப் பழக வந்திருக்கிறது. எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பூனைக்கு எட்டாத ஒரு கிளையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடு. நீ நிற்கும்வரை பெற்றவை வராது. தலையில் துணி போட்டுக்கொள், அடி விழும். இறகே இல்லாத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்கப் பெரியவர்களைக் கூப்பிடு. காயம் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து விலங்கு மருத்துவரிடம் கொண்டு போ. வாயில் தண்ணீர் ஊற்றாதே, மூச்சுக்குழாயில் போய்விடும்.

எங்கள் தோட்டத்தில் கூடு கட்டிய சின்னக் குருவியின் குஞ்சுகளைக் காக்கை தூக்கிப் போனது. அதைப் பார்த்ததிலிருந்து காக்கையை வெறுக்கிறேன். நீங்கள் ஏன் அதற்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்?
*– ஓய்வு பெற்ற ஒருவர்*

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. நானும் அப்படிப் பார்த்து ஒரு நாள் முழுவதும் எதுவும் செய்யப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். காக்கை நல்ல பறவை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. அது காக்கை. தன் குஞ்சுக்குத் தீனி தேடுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அதன் கூட்டிலும் கொள்ளை நடக்கிறது. நாமெல்லாம் மயங்கிக் கேட்கும் குயில், காக்கையின் கூட்டில்தான் முட்டையிடுகிறது. குயில் குஞ்சு முந்திப் பொரித்து முந்தித் தின்று வளரும். அதற்கும் காக்கைதான் ஓடி ஓடி ஊட்டும். நாம் ரசிக்கும் ஒவ்வொரு குயில் பாட்டுக்குப் பின்னாலும் ஒரு காக்கையின் உழைப்பு இருக்கிறது.

உங்கள் கோபத்தில் உண்மை இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். காக்கை தனக்குச் சொந்தமில்லாத நாட்டுக்குப் போனால் பெரிய கேடு. சாம்பல் கழுத்துக் காக்கை மனிதர்களாலும் கப்பல்களாலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. சான்சிபாருக்கு 1890-களில் குப்பையைத் தின்னட்டும் என்று கொண்டுபோனார்கள். இன்றைக்கு அங்குள்ள சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அது விட்டுவைப்பதில்லை. கென்யா அரசு 2024-ல் பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கப் போவதாக அறிவித்தது. படித்தபோது எனக்கு மனம் கனத்தது. ஆனால் அந்தக் கரையோரப் பறவைகளின் பக்கம் நின்று பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே அதைக் கொண்டுபோனது மனிதன். எங்கே நாம் குப்பையைத் திறந்து போடுகிறோமோ அங்கே காக்கை பெருகும், பெருகினால் உங்கள் தோட்டத்துக் கூடுகளுக்கும் ஆபத்து. குப்பைத்தொட்டியை மூடி வையுங்கள், புதர்ச்செடிகளை அடர்த்தியாக வளர விடுங்கள்.

மின்கம்பியில் அடிபட்டு ஒரு காக்கை இறந்தது. ஐம்பது அறுபது காக்கைகள் கூடி அரை மணி நேரம் கத்திவிட்டுக் கலைந்தன. இது துக்கமா?
*– ஆட்டோ ஓட்டுநர்*

அண்ணே, நீங்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் பார்த்தீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். கெய்லி ஸ்விஃப்ட் என்ற ஆராய்ச்சியாளர் சியாட்டிலில் இதைத்தான் சோதித்தார், 2015-ல் முடிவு வெளியானது. இறந்த காக்கையைக் கையில் ஏந்தி ஒருவர் நின்றால் காக்கைகள் கூடிக் கத்தும், அந்த முகத்தை நினைவு வைக்கும், அந்த இடத்தில் தீனி இருந்தாலும் பல நாள் தயங்கித் தயங்கித்தான் வரும். இங்கே ஆபத்து இருக்கிறது என்று கூடி நின்று கற்றுக்கொள்கின்றன.

காக்கைக்கும் சாவுக்குமான இந்த உறவை மனிதன் வெகு காலமாகக் கவனித்திருக்கிறான். தன் சகோதரனைக் கொன்றவனுக்கு, உடலை எப்படி மறைப்பது என்று காட்ட இறைவன் ஒரு காக்கையை அனுப்பினான், அது மண்ணைத் தோண்டிக் காட்டியது என்று குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. அடக்கம் செய்ய மனிதனுக்குக் கற்றுக்கொடுத்த பறவை! அதைப் படித்த நாளிலிருந்து இறந்த காக்கையைக் குப்பையில் போட என்னால் முடிவதில்லை. குழி தோண்டிப் புதைக்கிறேன். வெறுங்கையால் தொடாதீர்கள். ஒரே இடத்தில் பல காக்கைகள் இறந்து கிடந்தால் தொடவே வேண்டாம், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

எங்கள் மாடிக்கு ஒரு காக்கா வருது. பேர் வைக்கலாமா? பேர் சொல்லிக் கூப்பிட்டா வருமா?
*– நான்காம் வகுப்பு*

தாராளமாக வை. உன் குரலும் முகமும் அதற்குப் பழக வேண்டும், அவ்வளவுதான். தினமும் ஒரே நேரத்தில் போ. அகலமான சட்டியில் தண்ணீர் வை. உப்பும் எண்ணெயும் இல்லாத தீனி கொஞ்சம் போதும். ஓடிப்போய்ப் பிடிக்காதே. குளிக்கும்போது பார், காக்காக் குளியல் என்று நம்மைத் திட்டுகிறார்களே, அது எவ்வளவு நேரம் ஒழுங்காகக் குளிக்கிறது என்று தெரியும்.

என் வீட்டுக்கு வருகிறவன் பெயர் நூலான். ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனாலும் அவன் என்றே சொல்லிப் பழகிவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்னால் பட்டம் விடும் நைலான் நூல் காலில் சுற்றி, துணிக்கொடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். துண்டைப் போட்டு மூடி, கத்தரிக்கோலால் நூலை வெட்டினேன். இடது காலில் ஒரு விரல் போய்விட்டது. என் கையில் நான்கு இடத்தில் கொத்தினான். வெட்டிவிட்டவள் நான்தான், ஆனால் அவன் கண்ணில் நான் அவனைப் பிடித்து அமுக்கியவள். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே கத்துவான். தள்ளி நின்று வேடிக்கை பார்த்த என் கணவரிடம் ஒரு மாதத்தில் பழகிவிட்டான். எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அவனுடைய நினைவில் என்ன பதிந்ததோ அதுதானே அவனுக்கு உண்மை? அதனால் தினமும் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். கதவைச் சாத்தின பிறகுதான் இறங்குவான்.

போன வியாழக்கிழமை தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தான், கத்தவில்லை. நான் அசையாமல் நின்றேன். நான்கு குதி குதித்து வந்து, ஒரு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே, மூன்று வாய் குடித்துவிட்டுப் போனான்.

உன் காக்காவுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.